ஓடையின் மேல் விழுந்த நாவல் மரம்

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், அன்று பகலில் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாக மேற்கே நகர்ந்தபோது, கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்தின் எல்லையில் நின்ற பழைய நாவல் மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. மரம் விழுந்த இடம் ஓடை. வேர்ப்பக்கம் எங்கள் கரையிலும் கிளைப்பக்கம் எதிர்க்கரையிலுமாக அது குறுக்கே கிடந்தது. அந்த வருடம் சாய்ந்த நிழல் மரங்களை வெட்டி அப்புறப்படுத்தவே ஆள் கிடைக்காத நிலையில், ஓடைக்குள் கிடந்த இந்த ஒரு மரத்தை யாரும் தொடவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "அது கெடக்கட்டும் தம்பி, யாருக்கும் எடஞ்சல் இல்ல" என்று சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அந்த மரத்தைப் பார்த்தபடி ஒரு தானியங்கி கேமரா 2020 டிசம்பரிலிருந்து அங்கே கட்டப்பட்டிருக்கிறது. விலங்கு கடக்கும்போது தானாகவே படம் எடுத்துக்கொள்ளும், கையளவுப் பெட்டி போன்ற கேமரா அது. காட்டுயிர்ப் படம் என்றால் நீண்ட லென்சும், மறைவிடத்தில் மணிக்கணக்கான காத்திருப்பும், வெளியூர்ப் பயணமும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, ஒரே இடத்தில் ஒரே கேமராவை ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதில் கிடைக்கும் அறிவு வேறெதிலும் கிடைக்காது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. இந்தக் கேமராவை வாங்கியவர்கள் பெரும்பாலும் வாரம் ஒரு மரமாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் முதலில் அப்படிச் செய்யத்தான் நினைத்திருந்தேன். அது ஏன் தவறு என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் மலைச்சாலையிலிருந்து பிரிந்து சற்று உள்ளே இருக்கும் சிறு தோட்டம் எங்களுடையது. காப்பிக்கு நிழலாகச் சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றின் மேல் மிளகுக் கொடியும், இடையிடையே மலைவாழையும் வெண்ணெய்ப்பழ மரங்களும் உண்டு. ஓடைக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் காப்புக்காட்டின் எல்லைக்கல் நிற்கிறது. அந்தக் கல்லைத் தாண்டி நான் ஒரு நாளும் கேமரா கட்டியதில்லை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி படம் எடுப்பதற்கும் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். பட்டா நிலத்தில், வேலிக்கு உள்ளேயே, போதுமான அளவுக்கு உயிர்கள் நடமாடுகின்றன என்பதைப் படித்தவர்கள் முடிக்கும்போது ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

முதல் மாதம் கேமராவை ஓடைக்கரையில் நான் கட்டவில்லை. தோட்டத்து வாசல் தூணில், இடுப்பு உயரத்தில், கிழக்கு நோக்கிக் கட்டினேன். வண்டித்தடம் நேராகக் கேமராவை நோக்கி வரும் இடம் அது. இரண்டு வாரம் கழித்து மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒன்றிலும் விலங்கு இல்லை. காலை வெயில் லென்சில் நேராக விழுந்து வெளுத்துப்போன படங்கள், காற்றில் ஆடும் வாழையிலைகள், ஆடாத வாழையிலைகள், மறுபடியும் வாழையிலைகள். ஆனால் அந்த இரண்டு வாரத்திலும் காட்டுப்பன்றிகள் அதே வாசல் வழியாக வந்து சேம்பைத் தோண்டிவிட்டுப் போயிருந்ததை மண் காட்டியது. பழுது கேமராவில் இல்லை. கேமரா எதைப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே நான் அதைக் கட்டியிருந்தேன்.

இந்தக் கேமராவின் உணரி நாம் நினைப்பதுபோல் அசைவை நேரடியாகக் காண்பதில்லை. ஒவ்வோர் உடலும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. கேமராவின் முகப்பில், லென்சுக்குக் கீழே பால் நிறத்தில் தெரியும் பிளாஸ்டிக் வில்லை அந்தக் கதிர்களைத் திரட்டி உள்ளிருக்கும் ஒரு படிகத்தின் மேல் விழச்செய்கிறது. அந்தப் படிகம் இரண்டு பாதிகளாக, ஒன்றின் மின்சாரத்தை மற்றது ஈடுசெய்யும்படி இணைக்கப்பட்டிருக்கும். முன்னால் இருக்கும் வெளி முழுவதும் ஒரே சீராக மெல்லச் சூடானால் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சமன்செய்து அமைதியாக இருந்துவிடும். சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உடல் ஒரு பாதியின் பார்வையிலிருந்து மறுபாதியின் பார்வைக்கு நகரும்போதுதான் சமன் குலைந்து ஷட்டர் திறக்கிறது. ஆக, அதற்கு இரண்டு நிபந்தனைகள்: வெப்பத்தில் வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு குறுக்கே நகர வேண்டும்.

இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் வாசல் தூணை நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். பன்றிகள் கேமராவை நோக்கி நேராக நடந்து வந்ததால், அவை வெகு அருகில் வரும்வரை உணரிக்குக் குறுக்கசைவே தெரியவில்லை. வெயிலில் சூடேறிய வாழையிலையோ பின்னால் இருந்த நிழலின் முன் குறுக்காக ஆடி உணரியை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. உச்சிவெயிலில் பாறையும் மண்ணும் விலங்கின் உடல்சூட்டை எட்டிவிட்டால் பக்கத்தில் கடந்துபோகும் விலங்குகூட அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். தரையின் சூட்டையே தன் சூடாகக் கொண்டு ஊர்ந்துபோகும் பாம்பும் ஓணானும் இந்தக் கேமராவில் அரிதாகவே விழுவதற்கும் இதுவே காரணம்.

மரத்தைக் காட்டியவர் பெரியவர்தான். வாசலில் கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம், "இங்கன கட்டி என்ன தம்பி செய்ய? ஓடையில கெடக்குற மரத்துல பாருங்க, ராவெல்லாம் சந்தைதான்" என்றார். போய்ப் பார்த்தேன். நாவல் மரத்தின் மேற்பட்டை, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு, மற்ற இடங்களில் இருந்த பாசி இல்லாமல் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய நகக்கீறல்கள். வேர்ப்பக்கம் மேடாக இருந்த இடத்தில், காய்ந்தும் காயாமலும் நாலைந்து நாள் எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. குச்சியால் கிளறினால் அத்தனையும் காப்பிக்கொட்டை. சதை முழுவதும் செரித்து, தோல் உரிந்து, கொட்டை மட்டும் முழுசாக வெளிவந்திருந்தது. பழம் தின்னும் சிறிய இரவு விலங்கான மரநாய் இப்படி உயரமான கல்லின் மேலும் விழுந்த மரத்தின் மேலும் எச்சமிடுவது வழக்கம். நான் இரண்டு வாரம் தேடிய சேதி இரண்டு வருடமாக அந்த மரத்தின் மேல் எழுதிக்கிடந்தது.

எங்கள் கரையில் மரத்துக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நின்ற சில்வர் ஓக்கில், முழங்கால் உயரத்தில், வடக்கு நோக்கிக் கேமராவைக் கட்டினேன். வடக்கு நோக்கினால் காலையிலும் மாலையிலும் சூரியன் லென்சில் விழாது. விழுந்த மரம் கேமராவுக்கு முழுக் குறுக்காகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் சாய்வாகப் போவது இங்கே வாய்ப்பாகிவிட்டது. முழுக் குறுக்காக இருந்தால் உணரி உடனே விழித்துக்கொள்ளும். ஆனால் படம் பதிவாவதற்குள் விலங்கு படச்சட்டத்தைக் கடந்துவிடும், வால் மட்டும் மிஞ்சும். சாய்வாக நடக்கும் விலங்கு குறுக்கசைவையும் கொடுக்கிறது, சட்டத்துக்குள் நான்கைந்து விநாடி தங்கவும் செய்கிறது. முன்னால் ஆடக்கூடிய பெரணிகளையும் புற்களையும் மட்டும் கிள்ளி எடுத்தேன். வேறெதையும் நான் தொடவில்லை.

பதினொரு நாள் கழித்து எடுத்த அடுத்த கார்டில் அறுபத்து மூன்று படங்கள் இருந்தன. அவற்றில் ஐம்பத்திரண்டில் விலங்கு. முதல் படத்தை இன்றும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு விவரிக்க முடியும். மரத்தின் நடுவில் ஒரு மரநாய், முன்கால் ஒன்றைத் தூக்கியபடி, அடுத்த அடி வைப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கிறது. மூக்கு கீழே ஓடைப்பக்கம் திரும்பியிருக்கிறது. வால் உடம்பளவு நீளத்துக்குப் பின்னால் நேராக நீண்டு, நுனி மட்டும் இலேசாகத் தொங்குகிறது. முகத்தில் வெளிறிய முகமூடி போன்ற அடையாளம் எதுவும் இல்லை. முகமும் கழுத்தும் ஒரே நிறம். பிடரிமயிர் மட்டும் பின்னோக்கிப் படியாமல் முன்னோக்கித் திரும்பிக் கிடந்தது. அந்தப் பிடரியை வைத்துத்தான் அது ஊரில் கூரை ஏறும் சாதாரண மரநாய் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பழுப்பு மரநாய் என்பது தெரிந்தது. சிறுவயது முதல் அதன் எச்சத்தை மிதித்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் நடந்தவன் நான். அதன் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

இரவுப் படங்களுக்கான வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கும்போது கடைக்காரர்கள் இதை விளக்குவதில்லை. கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் இரண்டு வகை. 850 நானோமீட்டர் வகை தூரம்வரை எட்டும், ஆனால் எரியும்போது மங்கிய செந்தணல்போல் கண்ணுக்குத் தெரியும். விலங்குகள் நின்று உற்றுப்பார்க்கும். 940 நானோமீட்டர் வகை அறவே தெரியாது, எட்டும் தூரம் குறைவு. எனக்கு மூன்றரை மீட்டர் போதும் என்பதால் இரண்டாவதையே வாங்கினேன். அதுகூட அவ்வளவு அருகில் நிற்கும் விலங்கைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் காட்டியது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைத் துணி டேப்பை விளக்குகளின் மேல் ஓர் அடுக்கு ஒட்டிய பிறகுதான் உடம்பின் மயிரும் புள்ளியும் பிரிந்து தெரியத் தொடங்கின.

மற்றபடி, பராமரிப்பு என்பது முழுக்க முழுக்கச் சின்ன விஷயங்களின் மேல் வைக்கும் கவனம்தான். சாதாரண அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்குவதால் பகலில் நன்றாகப் படம் எடுக்கும் கேமரா இரவில் மங்கிவிடும். லித்தியம் பேட்டரி விலை அதிகம் என்றாலும் மலைக்குளிரில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைக்காவிட்டால் லென்சின் உட்புறம் பனிபடர்ந்துவிடும். ஒருமுறை சிற்றெறும்புகள் பேட்டரி அறைக்குள் முட்டையோடு குடியேறியிருந்தன. இரவில் லென்சின் முன் சிலந்தி பின்னிய ஒற்றை இழை, விளக்கு வெளிச்சத்தில் மின்னி, ஒன்பது நாள் படங்களையும் குறுக்கே கிழித்துவைத்தது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய இழப்பைக் கொடுத்தது கடிகாரம். 2021 ஜூனில் பேட்டரி மாற்றியபோது தேதியும் நேரமும் ஆலையில் அமைத்த பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஐந்து வாரப் படங்கள், நல்ல படங்கள், எந்த நாளில் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை என்றே தெரியாமல் போயின. அதன் பிறகு ஒவ்வொரு முறை கேமராவைத் திறந்து மூடியதும், என் கைப்பேசியின் கடிகாரத்தை அதன் முன் காட்டி முதல் படத்தை எடுக்கவைக்கிறேன். கேமராவின் நேரம் தவறியிருந்தாலும் எவ்வளவு தவறியிருக்கிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

இந்த வேலை புதியது இல்லை. அமெரிக்காவில் வழக்கறிஞராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஜார்ஜ் ஷைராஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மான் நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது இடறும்போது ஒளிப்பொடி வெடித்துப் படம் பதிவாகும்படி செய்தார். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. நம் நாட்டில் 1920களில், அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன், துப்பாக்கியோடு காட்டுக்குள் போவதே பெருமையாக இருந்த காலத்தில், அதே இடறுகம்பி முறையில் காட்டுப்புலிகளை இரவில் படமெடுத்தார். ஓர் இரவுக்கு ஒரு தகடு, ஒரு வெடிப்பு, ஒரு படம். பறந்துபோன ஓர் ஆந்தை கம்பியைத் தொட்டுவிட்டால் அன்றைய இரவு முடிந்தது. முப்பத்திரண்டு ஜிகாபைட் கார்டை மாதம் ஒருமுறை மாற்றும் நான், அவர்களுடைய பொறுமையை நினைக்காமல் கேமராவைத் திறப்பதில்லை.

இந்தப் படங்களை அறிவியலாக மாற்றியதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் செய்த வேலை அது. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. ஒரே புலியின் இடப்பக்க வரி அதன் வலப்பக்கத்துக்கே இருக்காது. ஆகவே தடத்தின் இருபுறமும் எதிரெதிராகக் கேமரா வைத்து, முதல் சுற்றில் பதிவான புலிகளில் எத்தனை அடுத்தடுத்த சுற்றுகளில் மறுபடியும் பதிவாகின்றன என்று பார்த்தால், கேமராவில் விழாமல் தப்பிய புலிகளின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுவிடலாம். அதுவரை காலடித்தடத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்த நாடு மெல்ல இந்த முறைக்கு மாறியது. 2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3,48,58,623 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் புலி இருந்தவை 76,651 மட்டுமே. அந்தப் படங்களிலிருந்து 2,461 புலிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிந்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய கேமரா கணக்கெடுப்பு என்று கின்னஸ் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

அந்தக் கணக்கைப் படித்த பிறகு என்னுடைய கணக்கில் நான் மிகவும் கவனமாகிவிட்டேன். மரநாய்க்கு வரி கிடையாது. ஒரு வருடத்தில் இருநூறு மரநாய்ப் படங்கள் கிடைத்தால், அது இருநூறு மரநாயாகவும் இருக்கலாம், ஒரே மரநாய் இருநூறு இரவு நடந்ததாகவும் இருக்கலாம். "எங்கள் தோட்டத்தில் இத்தனை மரநாய்கள் உள்ளன" என்று எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. "இந்த மரத்தின் மேல் இத்தனை முறை கடந்தன" என்று மட்டுமே எழுதலாம். படம் போடுகிற பலர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரே ஒரு மரநாயை மட்டும் என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. அதன் இடது காதின் மேல்விளிம்பு கிழிந்து மடிந்திருக்கும். 2021 பிப்ரவரியில் முதலில் பதிவான அந்தக் கிழிந்த காது, 2024 மார்ச்வரை வந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு காட்டுவிலங்கை, ஒருமுறைகூட நேரில் பார்க்காமல், அதன் நடையை வைத்தே தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தேன்.

ஒரே இடத்தில் கேமராவை விட்டதன் பலன் இங்கேதான் வெளிப்படுகிறது. அந்த மரத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. காப்பிப்பழம் சிவக்கும் நவம்பர் முதல் ஜனவரிவரை மரநாய் மாலை ஏழரை மணிக்கே வந்துவிடும். பழம் எடுத்து முடித்த பிறகு, நள்ளிரவுக்கு முன் அதைக் காண்பது அரிது. வெண்ணெய்ப்பழம் உதிரும் மாதங்களில் மரத்தின் மேல் போக்குவரத்து குறைந்து, மரத்துக்கு அடியில், ஓடைமணலில், முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கூடும். முள்ளம்பன்றி முழுநிலவு இரவுகளில் எங்கள் கேமராவில் மிகக் குறைவாகவே விழுந்திருக்கிறது. நிலவு தேய்ந்த இரவுகளில் தாயும் குட்டியுமாக, முட்களைத் தாழ்த்திப் பரபரப்பில்லாமல் நடந்துபோகின்றன. பகல் முழுவதும் மரம் கீரிக்கும் மலையணிலுக்கும் நாட்டுக்குரங்குக்கும் சொந்தம். பூமழை என்று நாங்கள் சொல்லும் கோடைமழை பெய்து காப்பி பூத்த ஏப்ரல் காலையொன்றில், வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடந்த மரத்தின் மேல் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வாரம் ஒரு இடமாக மாற்றியிருந்தால் இவற்றில் ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனி வியப்பாக மட்டுமே கிடைத்திருக்கும். ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பு தெரிந்திருக்காது.

சருகுமானைச் சொல்லாமல் விட முடியாது. 2022 ஆகஸ்டில் ஒரு படத்தின் கீழ்மூலையில், மரத்துக்கு அடியில், முயல் என்று நான் கடந்துபோக இருந்த ஓர் உருவத்தில் வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. கேமராவைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்கி, ஓடைமணலைப் பார்க்கும்படி சாய்த்துக் கட்டினேன். நாற்பது நாள் காத்திருந்த பிறகு விடியற்காலை 5:52க்கு அது முழுசாக வந்தது. தோள் உயரம் ஒரு அடிதான் இருக்கும், கொம்பு கிடையாது, பென்சில் பருமனுள்ள கால்கள், குளம்பின் நுனியில் நிற்பதால் நாட்டியக்காரி எழுந்து நிற்பதுபோன்ற ஒரு நிலை. ஆணுக்கு மேல்வாயிலிருந்து கோரைப்பல் நீண்டிருக்கும். என் படத்தில் இருந்ததில் அது இல்லை. சருகில் நடந்தாலும் சத்தம் கேட்காத இந்த விலங்கைப் பார்த்த மனிதர்கள் மிகக் குறைவு. இதன் தூரத்து உறவான வெள்ளிமுதுகுச் சருகுமான், 1990க்குப் பிறகு அறிவியலாளர் கண்ணில் படாமல், அழிந்ததோ என்று அஞ்சப்பட்ட நிலையில், வியட்நாமில் வைக்கப்பட்ட தானியங்கிக் கேமராக்களில்தான் மறுபடியும் பதிவானது. அந்தச் செய்தி 2019 நவம்பரில் வெளியானது. உள்ளூர் மக்களும் வனக்காவலர்களும் சொன்ன இடங்களில் கேமரா கட்டியதால் கிடைத்த படங்கள் அவை. எங்கள் பெரியவர் மரத்தைக் காட்டியதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

சிறுத்தை ஒரே ஒரு முறை வந்தது. 2023 ஜூலை, இரவு 2:17. முதல் படத்தில் ஓடைக்குள் இறங்கும் முன்னுடம்பு, இரண்டாவது படத்தில் மேல்நோக்கி வளைந்த வால்நுனி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெரியவரிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வருசக்கணக்கா வந்துக்கிட்டுத்தான இருக்கு தம்பி, உங்களுக்கு இப்பத்தான் தெரியுது" என்று திருப்பித் தந்தார். வனக்காவலரிடம் படத்தைக் கொடுத்தேன். ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்தாரிடம் இரவில் பட்டியை அடைக்கும்படி சொன்னோம். இவர்களைத் தவிர யாருக்கும் அந்தப் படத்தை நான் அனுப்பவில்லை, இங்கேயும் போடவில்லை. ஒரு சிறுத்தைப் படம் வாட்சப்பில் இறங்கிவிட்டால் நான்கு மணி நேரத்தில் அது நான்கு ஊரின் சிறுத்தையாகிவிடும். கூண்டு வை என்ற கோரிக்கை மறுநாள் எழும். யாருக்கும் தீங்கு செய்யாமல் ஓடைவழியே போய்க்கொண்டிருந்த ஒரு விலங்குக்கு என் கேமராவால் அந்த நிலை வரக் கூடாது. எறும்புதின்னி எனப்படும் அழுங்கு, சருகுமான் போன்றவற்றின் படங்களைப் போடுகிறவர்கள் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள், ஊர்ப்பெயரையும் எழுதாதீர்கள். சுருக்குக்கம்பி வைப்பவர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் நான் முதலில் யோசிக்காமல் இருந்தது தவறுதான். பழம் எடுக்க வரும் பெண்கள் கைகால் கழுவவும் ஒதுங்கவும் அந்த ஓடைப்பக்கம்தான் போவார்கள். முதல் பருவத்தில் ஒரு படத்தில் இரண்டு பேர் மரத்தின் மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் அழித்தேன். ஆனால் அழித்ததோடு விட்டுவிடக் கூடாது என்று தோன்றியதால், மறுநாள் கேமராவைக் கழற்றி எடுத்துவந்து தேநீர் இடைவேளையில் அவர்கள் கையில் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று விளக்கினேன். "அப்ப நாங்க போனதும் விழுந்திருக்குமாண்ணே?" என்று ஒரு பெண் கேட்டார். விழுந்தது, அழித்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து பழம் எடுக்கும் மாதங்களில் மாலை ஆறு மணிமுதல் காலை ஆறு மணிவரை மட்டுமே கேமரா இயங்கும்படி நேரம் வைத்திருக்கிறேன். காட்டில் தங்களை யாரும் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கை பெண்களுக்கு எவ்வளவு பெரியது என்பதையும், கேமராக்கள் அதை எப்படிப் பறித்துவிடுகின்றன என்பதையும், கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் நடந்து 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியிருக்கிறது. அதைப் படித்தபோது, அந்தப் பெண் கேட்ட கேள்வியின் முழுக் கனமும் எனக்கு உறைத்தது. இப்போது ஒவ்வொரு பருவமும் முதல் நாள் தேநீர் நேரத்தில் போன வருடப் படங்களைக் காட்டுகிறேன். எந்த எச்சம் எந்த விலங்கினுடையது என்பதில் பாதி எனக்கு அவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

இரை வைத்து வரவழைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பலாச்சுளையையோ கருவாட்டையோ மரத்தின் மேல் வைத்தால் படம் கூடும் என்பது சரிதான். ஆனால் அப்படி வந்த விலங்கு எனக்காக வந்தது. அதன் நேரமும் வழியும் என்னால் உண்டானவை. நான்கு வருடமாகச் சேர்த்த அட்டவணை முழுவதும் அன்றே பொய்யாகிவிடும். மனிதன் வைத்ததைத் தின்னப் பழகிய விலங்குக்கு நாளை யார் என்ன வைப்பார்கள் என்ற அச்சமும் உண்டு.

நாவல் மரம் இப்போது இற்றுக்கொண்டிருக்கிறது. நடுப்பகுதியில் கறையான் ஏறி, பட்டை கழன்று, கடந்த வடகிழக்குப் பருவமழையில் ஓடை பெருகியபோது கிளைப்பக்கம் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. கிழிந்த காது வராமல் போனது அதற்கு முன்பே. அதற்கு என்ன ஆயிற்று என்பதைக் கேமரா சொல்லவில்லை. பெரியவரும் நானும் யோசித்து, காற்றில் முறிந்து விழுந்திருந்த சில்வர் ஓக் ஒன்றை, கிளை கழித்து, பட்டையைச் செதுக்காமல், பழைய மரத்துக்கு இரண்டடி தள்ளி ஓடையின் குறுக்கே போட்டோம். எட்டு வாரம் எதுவும் அதில் ஏறவில்லை. பாதி இறங்கிய நாவல் மரத்தையே எல்லாம் பிடிவாதமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. போன வாரம் எடுத்த கார்டில், அதிகாலை 3:12க்கு, சின்ன மரநாய் ஒன்று, இன்னும் முழு வளர்த்தி அடையாதது, முன்கால்கள் இரண்டையும் புதிய மரத்தின் மேல் வைத்து, பின்கால்கள் கரையிலேயே இருக்க, மூக்கைப் பட்டையில் ஒட்டி மோந்துகொண்டிருக்கிறது. அடுத்த படத்தில் மரம் மட்டும் இருக்கிறது. அதன் மேல், எங்கள் கரையிலிருந்து எதிர்க்கரைவரை, ஈரக் காலடிகள் வரிசையாக மின்னுகின்றன.